வெள்ளி அஞ்சு மணிக்குள்

அப்பா அம்மா வைத்த பெயர் அந்த அலுவலகத்தின் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது. மற்றபடி எல்லோருக்கும் அவள் அஞ்சுமணி. முகத்துக்கு நேரே அஞ்சுமணி மேடம், முதுகுக்குப் பின்னால் வெறும் அஞ்சுமணி. இரண்டுமே அவளுக்குத் தெரியும். இரண்டிலும் வருத்தமில்லை. பட்டப்பெயர் வாங்க எத்தனையோ கேவலமான வழிகள் இருக்கும்போது, கெடு வைத்துப் பெயர் வாங்குவது கௌரவம்தான் என்று நினைத்துக்கொள்வாள்.

அலுவலகம் மூன்றாவது மாடியில் இருந்தது. கீழே மூக்குக்கண்ணாடிக் கடை, நடுவில் ஒரு டியூஷன் சென்டர், அதற்கு மேல் இவர்கள். லிப்ட் உண்டு, அது மனசு வைத்தால் வரும். ஏழு நாடுகள் சேர்ந்து நடத்தும் அலுவலகம் என்று சொன்னால் கேட்பவர்கள் என்னவோ மாளிகை என்று நினைப்பார்கள். வந்து பார்த்தால் ஒரு கூடம், இரண்டு அறை, கால் ஆடுகிற ஒரு நீள மேஜை. ஏழும் ஏழை நாடுகள், அவ்வளவுதான் முடிந்தது.

ஆனால் அங்கே நடந்த வேலை லேசுப்பட்டதில்லை. சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, இதயக் கோளாறு, ஆஸ்துமா, இதெல்லாம் வந்துவிட்டுப் போகிற நோய்களா என்ன? பெட்டி படுக்கையோடு வந்திறங்கி, இனி இங்கேதான் என்று உட்கார்ந்துகொள்ளும் சொந்தக்காரர் மாதிரி. ஆயுசுக்கும் மாத்திரை வேண்டும். எந்த மாத்திரை, எவ்வளவு, யார் கொடுப்பது, எங்கே கொடுப்பது என்று தனித்தனியாக உட்கார்ந்து எழுத அந்த நாடுகளில் ஆளும் இல்லை, காசும் இல்லை. அதனால் ஒரே நெறிமுறையைச் சேர்ந்து எழுதிக்கொள்வது, மருந்தையும் சேர்ந்து வாங்கிக்கொள்வது என்று ஏற்பாடு. ஏழு நாடும் ஒத்துக்கொண்டால் அந்த நெறிமுறை ஏடு ஏழு நாட்டு ஆஸ்பத்திரிகளுக்கும் சட்டம்.

அந்த ஏழு பேரை ஒத்துக்கொள்ள வைப்பதுதான் அஞ்சுமணியின் உத்தியோகம். அவள் டாக்டர் இல்லை. அதற்கு முன்னால் ஊர்ப் பெரிய ஆஸ்பத்திரியில் டெலிபோன் ஆப்பரேட்டராக இருந்தவள். எரிந்து விழும் சர்ஜனையும் அழுதுகொண்டிருக்கும் உறவுக்காரரையும் ஒரே கம்பியில் சமாளித்த குரல் அது. தேனும் கண்டிப்பும் சரிபாதி. அந்தக் குரலுக்காகத்தான் இயக்குநர் அவளை இங்கே இழுத்துக்கொண்டு வந்தார்.

அலுவலகத்தில் ஒரு நடைமுறை இருந்தது, மௌனக் கெடு என்று பெயர். ஏட்டை ஏழு நாட்டு அதிகாரிகளுக்கும் அனுப்பிவிடுவார்கள். இத்தனாம் தேதி வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் ஆட்சேபணை வராவிட்டால் எல்லோரும் சம்மதித்ததாகப் பொருள். கூட்டம் கூட்டி, டிக்கெட் எடுத்து, அறை போட்டு, சண்டை போட வசதியில்லாதவர்கள் கண்டுபிடித்த குறுக்கு வழி. ஏட்டை அனுப்பிய பிறகு அலுவலகம் அதில் ஒரு கால்புள்ளியைக்கூடத் தொடக்கூடாது. நாடுகள் மட்டும்தான் வாய் திறக்கலாம். அவை வாய் திறக்காமல் பார்த்துக்கொள்வதில் அஞ்சுமணி கைதேர்ந்தவள். வியாழக்கிழமை ஒரு சுற்று போன் போடுவாள். ஏடு கிடைத்ததல்லவா, சிரமம் ஒன்றுமில்லையே என்று அவள் கேட்கிற அழகில், சிரமம் இருப்பவனுக்கும் இல்லை என்றுதான் சொல்லத் தோன்றும்.

ஒரே ஒருவர் மட்டும் மசியமாட்டார். பாலைவன நாட்டின் சீனியர் அதிகாரி. அலுவலகமே அவரை ஆட்சேபணை ஐயா என்றுதான் சொல்லும். ஒரு தடவை நேரில் கூட்டம் நடந்தபோது, டீ இடைவேளையை நிகழ்ச்சி நிரலில் மூன்றாவதாகப் போட்டதற்கு ஆட்சேபணை தெரிவித்த மனிதர். ஏட்டை வரி விடாமல் கடைசி நாள்வரை படிப்பார், கடைசி நாளில்தான் எழுதுவார். அவருடைய நாட்டில் வெள்ளியும் சனியும் வார விடுமுறை. அஞ்சுமணி இதைக் கண்டுபிடித்த நாளிலிருந்து கெடு எப்போதும் வெள்ளிக்கிழமைதான். ஐயாவின் ஆட்சேபணை ஞாயிற்றுக்கிழமை வந்து சேரும். கெடு முடிந்து வரும் பதிலை ஏற்பதற்கில்லை, வருந்துகிறோம் என்று அவள் மரியாதையாக ஒரு வரி அனுப்பிவிடுவாள். அவள் வாழ்க்கையில் செய்த ஒரே ராஜதந்திரம் அதுதான், அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

கை பழகிய வேலை வீட்டுக்கும் வரும் அல்லவா? வீட்டில் மூன்று பேர். அவள், அவளுடைய வீட்டுக்காரர், கல்லூரிக்குப் போகிற மகள். மூன்று பேருக்கும் செல்போனில் ஒரு குடும்பக் குழு. அதில் அஞ்சுமணி செய்தி போடுவாள்: ஞாயிற்றுக்கிழமை வெளிச்சுவருக்குப் பச்சை பெயிண்ட் அடிக்கிறோம், வெள்ளி அஞ்சு மணிக்குள் மறுப்பு வராவிட்டால் சம்மதம். மகள் ஏதாவது கிண்டலாகப் பதில் போடுவாள். வீட்டுக்காரர் பஸ் டிரைவர். வண்டி ஓட்டும்போது போனைத் தொடமாட்டார், ஓட்டாதபோது தொட மறந்துவிடுவார். அந்த ஞாயிற்றுக்கிழமை டூட்டி முடிந்து வந்தவர், பச்சை வீட்டைப் பார்த்து இது நம்ம வீடு இல்லை என்று நினைத்துத் தெருமுனைவரை போய்விட்டார். மகள்தான் ஓடிப்போய்க் கூட்டிக்கொண்டு வந்தாள்.

இத்தனைக்கும் அவர் கோபித்துக்கொள்ளவில்லை. அவர் பேசாத மனிதர். பேச்சு வராது என்பதில்லை, ஒரு கேள்விக்குப் பதில் அவருக்குள் கிளம்பி, கியர் மாற்றி, வாசலுக்கு வருவதற்கு நேரமாகும். அதற்குள் அஞ்சுமணி அடுத்த கேள்விக்குப் போயிருப்பாள். கல்யாணமே அப்படித்தான் நடந்தது. ஆஸ்பத்திரி வாசலில் தினமும் சாயந்திரம் அவருடைய பஸ்ஸில்தான் ஏறுவாள். டிரைவர் சீட்டுக்குப் பின்னால் இருக்கிற இடத்தில் உட்கார்ந்து, அன்றைக்கு வந்த போன்களைப் பற்றி அவர் முதுகிடம் பேசிக்கொண்டே வருவாள். ஒரு நாள், இறங்குகிற இடத்தில், என்னைக் கல்யாணம் பண்ணிக்கிறீங்களா என்று கேட்டாள். அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார். அப்ப சரி என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். அடுத்த மாதம் கல்யாணம்.

நாற்பது வயதுக்கு மேல் அவருக்கு ரத்தக் கொதிப்பு வந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் மாத்திரை இலவசம். தினமும் ராத்திரிச் சாப்பாட்டின்போது, மாத்திரை போட்டீங்களா என்று அஞ்சுமணி கேட்பாள். அவர் மென்றுகொண்டிருப்பார். சரி என்று அவளே சொல்லிக்கொண்டு ரசப்பாத்திரத்தை எடுக்கப் போவாள்.

இந்தக் கதை நடந்த வாரத்தில் புதிய ஏடு ஏழு நாட்டுக்கும் போயிருந்தது. ரத்தக் கொதிப்பும் சர்க்கரையும் பற்றிய பெரிய ஏடு, இயக்குநர் மூன்று வருஷம் பாடுபட்டு எழுதியது. ஐந்து வருஷத்துக்கு அதுதான் சட்டம். அடுத்த வெள்ளிக்கிழமை கெடு. அதே வாரத்தில் பிரஷர் பார்க்கும் சின்ன மெஷின்கள் மாதிரிக்கு வந்திருந்தன. ஏழு நாட்டுக்கும் வாங்கலாமா என்று பார்க்க, ஆளுக்கு ஒன்றை வீட்டுக்கு எடுத்துப்போய் உபயோகித்துச் சொல்லச் சொன்னார் இயக்குநர்.

சனிக்கிழமை சாயந்திரம் அஞ்சுமணி அதைச் சாப்பாட்டு மேஜையில் வைத்து, மகளின் கையில் பட்டையைச் சுற்றினாள். மெஷின் உறுமி, அமைதியாகி, நல்ல எண்ணைக் காட்டியது. தன் கையில் சுற்றினாள், வயசுக்குப் பரவாயில்லை. பிறகு வீட்டுக்காரரின் கை. மெஷின் வெகுநேரம் உறுமியது. நூற்று எழுபத்தெட்டு என்று காட்டியது. அவள் அதைத் தட்டினாள். மறுபடி சுற்றினாள். நூற்று எண்பத்தொன்று.

மெஷின் கோளாறு என்று தீர்ப்புச் சொல்லிவிட்டாள். இந்த லட்சணத்தில் ஏழு நாட்டுக்கு வாங்கினால் விளங்கினாற்போலத்தான் என்று கணவரைப் பார்த்தாள். அவர் ஒன்றும் சொல்லவில்லை. பார்த்தாயா, அவரும் ஒத்துக்கொள்கிறார் என்று மகளிடம் சொல்லிப் பட்டையை மடித்தாள்.

மகள் மடிக்க விடவில்லை. "அம்மா, எனக்குச் சரியாத்தானே காட்டுச்சு. உனக்கும் சரியாத்தானே காட்டுச்சு," என்றாள். "அப்பாகிட்ட கேளு. கேட்டுட்டு நீ பேசாம இரு. பதில் வர்றவரைக்கும்."

அஞ்சுமணி கேட்டாள். ஏங்க, மாத்திரை போடறீங்களா இல்லையா. கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டாள். அது அவளுக்கு எவ்வளவு கஷ்டம் என்பது பக்கத்திலிருந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். நாக்கின் நுனியில் சரி என்ற வார்த்தை உட்கார்ந்து துடித்தது. மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். மகள் அவள் தோளில் கை வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள்.

வெகுநேரம் கழித்து அவர், "போடறதில்ல," என்றார். "மழைக்காலத்துலயே நிறுத்திட்டேன்."

பிறகு மெதுவாக மீதியும் வந்தது. மாத்திரை மாதம் ஒரு தடவைதான் கொடுப்பார்கள், ஒரு மாதத்துக்குத்தான் கொடுப்பார்கள், ஆள் நேரில் வர வேண்டும், அதுவும் செவ்வாய்க்கிழமை காலையில். காலை டூட்டிக்காரர் என்ன செய்வார்? சக டிரைவர் ஒருவர் கொஞ்ச நாள் டூட்டி மாற்றிக்கொடுத்தார், அவருக்கும் வீடு வாசல் உண்டே. ஒரு மாதம் போக முடியவில்லை. அடுத்த மாதம் போனபோது விட்டுவிட்டு வந்ததற்குத் திட்டினார்கள். அதற்கடுத்த மாதம் அவர் போகவில்லை. தலைசுற்றல் எதுவும் இல்லை, அதனால் பரவாயில்லை என்று இருந்துவிட்டார்.

தினமும் கேட்டேனே, ஏன் சொல்லவில்லை என்றாள் அஞ்சுமணி. அவளுக்கு அழுகை வந்துகொண்டிருந்தது. பஸ் நிறைய ஜனத்தை ஏற்றிக்கொண்டு, இந்தக் கொதிப்போடு, மாசக்கணக்காக ஓட்டியிருக்கிறார். சாலையில் என்ன வேண்டுமானாலும் ஆகியிருக்கலாம்.

"சொல்லலாம்னு வாயைத் திறப்பேன்," என்றார் அவர். "அதுக்குள்ள நீயே சரின்னு சொல்லிட்டுப் போயிடுவ."

அதை அவர் குற்றமாகச் சொல்லவில்லை. மழை பெய்யும்போது கண்ணாடி மங்கும் என்று சொல்கிற மாதிரி சொன்னார். அதனாலேயே அவளுக்குச் சுருக்கென்று தைத்தது.

ஞாயிற்றுக்கிழமை அவரை வண்டி எடுக்க விடவில்லை. திங்கட்கிழமை இருவரும் லீவு போட்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். பழைய இடம், பழைய முகங்கள். டாக்டர் மறுபடி மாத்திரை எழுதி, முதல் தடவை என்பதால் செவ்வாய்க்கிழமைவரை காத்திருக்காமல் அன்றைக்கே வாங்கிக்கொள்ளச் சொன்னார். இந்த வாரம் ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது, ஒரு மாதம் கழித்து வந்து காட்ட வேண்டும் என்றார். அடங்கிவிட்டால் அப்புறம் மாதாமாதம் இவ்வளவு தூரம் வர வேண்டிய அவசியமே இல்லைதான், ஆனால் நான் மூன்று மாதத்துக்கு எழுதினாலும் அங்கே ஒரு மாதத்துக்குத்தான் கொடுப்பார்கள் என்று மருந்து கொடுக்கும் ஜன்னலைக் கையால் காட்டினார்.

ஜன்னலுக்குப் பின்னால் இருந்த மருந்தாளருக்கு அஞ்சுமணியின் குரலை நன்றாகத் தெரியும். அடுத்த மாதத்திலிருந்து நானே வந்து வாங்கிக்கொண்டு போகட்டுமா என்று தேன் பாதியை முழுசாக உபயோகித்துக் கேட்டுப் பார்த்தாள். அவர் கைகூப்பாத குறையாக மறுத்தார்.

"ஆள் நேர்ல வரணும்மா. இதுவரைக்கும் ஏதோ பழக்கத்துல அப்படி வெச்சிருந்தோம், யாராவது அழுதா விட்டுக்கூடக் கொடுத்திருக்கேன். இனிமே அதுவும் முடியாது. ஏழு நாட்டுக்கும் சேத்து புது ஏடு வருதாம். மாசா மாசம் நேர்ல வந்தாத்தான் மாத்திரைன்னு அதுல கண்டிப்பா போட்டிருக்காம்."

எந்த மடையன் எழுதியது என்று கேட்க வாயெடுத்தவள், கேட்காமல் நிறுத்திக்கொண்டாள். அந்த ஏட்டைச் சுத்தப் பிரதி எடுத்து, பக்க எண் போட்டு, ஏழு நாட்டுக்கும் அனுப்பி வைத்தவளே அவள்தான்.

வீட்டுக்காரரைப் பஸ்ஸில் ஏற்றி வீட்டுக்கு அனுப்பிவிட்டு நேரே அலுவலகம் போனாள். முப்பத்தொன்றாம் பக்கத்தில் இருந்தது. எத்தனையோ தடவை அவள் கண்ணில் பட்ட பத்திதான், ஒரு தடவைகூட மனசில் படவில்லை. இயக்குநரிடம் கொண்டுபோய்க் காட்டினாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு படித்தார். நல்ல மனிதர், முகம் விழுந்துவிட்டது. அது பழைய ஏடு ஒன்றிலிருந்து அப்படியே வந்த பத்தி. தொற்று நோய்க்கு எழுதிய ஏடு, ஆறு மாத சிகிச்சை, அதற்கு மாதாமாதம் நேரில் பார்ப்பது நியாயம். ஆயுசு முழுக்க மாத்திரை போடுகிறவனுக்கு அதையே வைத்தால் எத்தனை பேர் வருவார்கள்? எங்கள் யார் கண்ணிலும் படவில்லையே என்று தலையில் கை வைத்துக்கொண்டார்.

மாற்றிவிடுங்கள் என்றாள். மாற்ற முடியாது என்றார். ஏடு போய்விட்டது, கெடு ஓடிக்கொண்டிருக்கிறது, இனி ஏதாவது ஒரு நாடு ஆட்சேபித்தால்தான் திறக்கலாம். அலுவலகம் ஒரு நாட்டைத் தூண்டிவிட்டதாகத் தெரிந்தால் அடுத்த ஏட்டை எவரும் நம்பமாட்டார்கள். ஆனால் வழக்கமான வியாழக்கிழமை போனைப் போட வேண்டாம் என்று எந்த விதியும் சொல்லவில்லை என்று ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

அப்படியாகத்தான், பல வருஷமாக ஏழு நாட்டின் வாயையும் அழகாகக் கட்டிவைத்தவள், அதில் ஒரு வாயையாவது திறக்க வைக்க வேண்டிய நிலைக்கு வந்தாள். வியாழன்வரை பொறுக்க முடியாமல் புதன்கிழமையே ஆரம்பித்தாள். எல்லோருக்கும் பொதுவான மொழியில், ஆளுக்கொரு உச்சரிப்பில், ஒரே பதில் வந்தது. தீவு நாட்டு அம்மாள், ஏடு பிரமாதம் என்றாள். முப்பத்தொன்றாம் பக்கம் பார்த்தீர்களா என்று கேட்டால், எல்லாப் பக்கமும் பிரமாதம் என்றாள். மலைநாட்டு டாக்டர், உங்களுக்கு எப்போது சிரமம் கொடுத்திருக்கிறேன், வெள்ளிக்கிழமை வாய் திறக்கவேமாட்டேன், நிம்மதியாக இருங்கள் என்று உறுதிமொழியே கொடுத்தார். இன்னொருவர் ஏட்டைத் திறந்தே பார்க்கவில்லை, அதைப் பெருமையாகவும் சொன்னார். நீங்க அனுப்பினா நான் எதுக்கு மேடம் படிக்கணும் என்று கேட்டார். நன்றாகத்தான் பழக்கிவைத்திருக்கிறேன் என்று அஞ்சுமணி போனை வைத்துவிட்டுத் தன் தலையில் தானே லேசாகக் குட்டிக்கொண்டாள்.

மிச்சமிருந்தது ஆட்சேபணை ஐயாதான். வியாழக்கிழமை அவர் வீட்டுக்குப் போட்டாள். எடுத்தவரின் குரலே மாறியிருந்தது, பஞ்சில் சுற்றினாற்போல. ஏடு வந்தது அம்மா, நல்ல ஏடு, எனக்கு ஒன்றும் சொல்வதற்கில்லை என்றார். அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. உடம்புக்கு என்ன என்று கேட்டாள். ரத்தக் கொதிப்பாம். டாக்டர் விவாதம் செய்வதையே நிறுத்தச் சொல்லிவிட்டாராம். மனைவி பக்கத்து நாற்காலியில் காவல் இருக்கிறாளாம். மூன்று மாதமாக ஒரு ஆட்சேபணைகூட இல்லை, வீட்டில் உப்பில்லாத குழம்பைக்கூட நன்றாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்றார்.

இது என்னடா சோதனை என்று இருந்தது அவளுக்கு. பல வருஷம் வாயை அடைத்தபோது அடையாத மனிதர், திறக்க வேண்டிய நாளில் பத்தியத்தில் உட்கார்ந்திருக்கிறார். போனை வைத்துவிடலாம் என்றுகூடத் தோன்றியது. பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"ஐயா, இது அலுவலகத்துல இருந்து வர்ற போன் இல்ல," என்றாள். "ஒரு பஸ் டிரைவரோட பெண்டாட்டி பேசறேன். கேக்கறீங்களா?"

அவர் கேட்டார். அவள் மழைக்காலத்திலிருந்து மெஷின்வரைக்கும் சொன்னாள், தான் தினமும் கேட்டுத் தானே பதில் சொல்லிக்கொண்டதையும் மறைக்காமல் சொன்னாள். மருந்தாளர் சொன்னதையும் சொன்னாள். என்ன செய்ய வேண்டும் என்று மட்டும் சொல்லவில்லை. கடைசியில், உங்களுக்கு மாத்திரை எப்படி வருகிறது ஐயா என்று கேட்டாள்.

மூன்று மாதத்துக்குச் சேர்த்து வாங்கி வைத்துவிடுவேன் என்று சொல்ல ஆரம்பித்தவர், பாதியில் நின்றார். பழைய அஞ்சுமணியாக இருந்தால், மிக்க நன்றி ஐயா என்று சொல்லி வைத்திருப்பாள். இவள் காத்திருந்தாள். காதில் ரிசீவர் சுட்டது. கீழ் மாடி டியூஷன் சென்டரில் பிள்ளைகள் வாய்ப்பாடு ஒப்பித்துக்கொண்டிருந்தார்கள், அவர்கள் ஒரு வாய்ப்பாடு முடித்து அடுத்ததுக்குப் போனார்கள்.

"வெள்ளிக்கிழமைன்னு நீங்க ஏன் கெடு வெக்கிறீங்கன்னு எனக்குத் தெரியாதுன்னா நெனச்சீங்க?" என்றார் ஐயா. பஞ்சு கொஞ்சம் விலகியிருந்தது. "அதுக்கும் ஒரு தடவை ஆட்சேபணை எழுதினேன். அதுவும் ஞாயித்துக்கிழமைதான் உங்களுக்குக் கிடைச்சுது."

மன்னிச்சிடுங்க ஐயா என்றாள். அது அவள் மனசிலிருந்து வந்தது. முப்பத்தொன்றாம் பக்கமா என்று ஒரு முறை கேட்டுவிட்டு அவர் போனை வைத்துவிட்டார். செய்வேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை அந்த அலுவலகத்தில் ஒருவருக்கும் வேலை ஓடவில்லை. அஞ்சுமணியின் திரையையே எல்லோரும் சுற்றிச் சுற்றி வந்தார்கள். ஐயாவின் நாட்டில் அன்று விடுமுறை, மனைவி வேறு காவல். மதியம் போயிற்று, மூன்று மணி போயிற்று. நான்கு மணிக்கு மேல் இயக்குநர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு அவள் மேஜைக்கே வந்துவிட்டார். அடுத்த செவ்வாய்க்கிழமைகளையெல்லாம் எப்படிச் சமாளிப்பது என்று அவள் மனசுக்குள் டூட்டி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் பொருந்தவில்லை.

ஐந்து அடிக்க அரை மணி இருக்கும்போது வந்தது. ஒரே வரி. முப்பத்தொன்றாம் பக்கம், ஆட்சேபணை, காரணங்கள் பின்வருமாறு. பின்வருமாறு என்பதற்குக் கீழே ஒன்பது பக்கம் இருந்தது. மூன்று மாதப் பத்தியத்தை மனிதர் ஒரே நாளில் தீர்த்துக்கொண்டிருந்தார்.

விதிப்படி அதன் பிரதி உடனே மற்ற ஆறு நாட்டுக்கும் போயிற்று. ஒருவர் வாயைத் திறந்தால் போதும் போலிருக்கிறது. தீவு நாட்டு அம்மாளுக்குத் திடீரென்று படகு ஞாபகம் வந்தது. எங்கள் தீவுகளில் மாதாமாதம் படகேறி ஆஸ்பத்திரிக்கு யார் வருவார்கள் என்று எழுதினாள். வாய் திறக்கமாட்டேன் என்று உறுதி கொடுத்த மலைநாட்டு டாக்டர், பனிக்காலத்தில் பாதையே மூடிவிடும் என்று எழுதி, மேடம் மன்னிக்கவும் என்று சேர்த்திருந்தார். ஏட்டைத் திறக்காதவர் திறந்தார். மணி ஐந்து அடித்தபோது, பிரமாதமான அந்த ஏட்டில் சம்மதமில்லாத நாடுகள்தான் அதிகம். இயக்குநர் மூன்று வருஷ உழைப்பு சந்தி சிரிப்பதைப் பார்த்து கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். பிறகு விழுந்து விழுந்து சிரித்தார். எல்லோருக்கும் கீழேயிருந்து டீ வந்தது.

திங்கட்கிழமை ஐயாவே கூப்பிட்டார். ஆட்சேபணையை அனுப்பிவிட்டுப் பிரஷர் பார்த்தாராம், குறைந்திருந்ததாம். இதைத் தன் டாக்டருக்கு எழுத்து மூலம் தெரிவிக்கப் போவதாகச் சொன்னார். அடுத்த கெடு புதன்கிழமை வைத்திருக்கிறேன் ஐயா என்றாள் அஞ்சுமணி. அதற்கும் ஆட்சேபணை உண்டு என்றார், புதன்கிழமை அவருக்குப் பல் டாக்டரிடம் போக வேண்டியிருந்தது.

இரண்டு மாதம் கழித்துத் திருத்திய ஏடு வந்தது. கொதிப்பும் சர்க்கரையும் அடங்கி இருப்பவர்களுக்கு, வீட்டுக்கு அருகில் இருக்கிற சுகாதார நிலையத்தில், நர்ஸே மூன்று மாத மாத்திரையைக் கொடுக்கலாம். வர முடியாதவருக்கு வீட்டு ஆள் வந்து வாங்கலாம். வராமல் போனவரைத் திட்டாமல், ஏன் வரவில்லை என்று ஆள் விட்டுக் கேட்க வேண்டும். கடைசியில் சொன்னதை எழுதியவர் ஐயா. மௌனக் கெடுவும் மாறிற்று. இனி ஒவ்வொரு நாடும் வாயைத் திறந்து சம்மதம் என்று சொன்னால்தான் சம்மதம். அஞ்சுமணிக்கு வேலை மூன்று மடங்காயிற்று, ஆனால் பட்டப்பெயர் மட்டும் போகவில்லை.

வீட்டுக்காரருக்குக் கொதிப்பு ஒரு வழியாக அடங்கியது, மறுபடி வண்டி எடுத்தார். புது ஏடு நடைமுறைக்கு வந்த பிறகு, பஸ் டிப்போவுக்குப் பக்கத்திலேயே இருக்கிற சுகாதார நிலையத்தில், டூட்டி முடிந்து ஒரு சாயந்திரம் போய் மூன்று மாத மாத்திரையை வாங்கிக்கொண்டு வந்தார். அந்த மாத்திரைப் பையைச் சாப்பாட்டு மேஜையில் வைத்து, அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். மகள் சினிமாவுக்குப் போயிருந்தாள்.

சாப்பிடும்போது, மாத்திரை போட்டீங்களா என்று கேட்டாள் அஞ்சுமணி. கேட்டுவிட்டு ரசக் கரண்டியைப் பிடித்தபடி நின்றாள். அவர் வாயில் இருந்ததை மென்று, விழுங்கி, தண்ணீர் குடித்து, போட்டுட்டேன் என்றார். அதற்குப் பிறகுதான் ரசம் விழுந்தது.

மெஷின் வந்த அந்தச் சனிக்கிழமையிலிருந்து அவளை ஒரு விஷயம் அரித்துக்கொண்டிருந்தது. மகள் இருக்கும்போது கேட்க வெட்கம், இல்லாதபோது கேட்கப் பயம். அன்றைக்குக் கேட்டுவிடுவது என்று எதிரில் உட்கார்ந்தாள்.

"ஏங்க, பஸ்ல அன்னிக்குக் கல்யாணம் பண்ணிக்கிறீங்களான்னு கேட்டேன். நீங்க ஒண்ணுமே சொல்லல. நானாத்தான் சரின்னு எடுத்துக்கிட்டேன். அது சரிதானா?"

காத்திருந்தாள். பாலைவன நாட்டுக்காகக் காத்திருந்ததைவிட இது கஷ்டமாக இருந்தது. அவர் தட்டில் மீதி இருந்ததை ஒதுக்கினார். பாலித்தீன் பையின் நுனியைத் தடவினார்.

"அந்த ஆஸ்பத்திரி வாசல்ல ஸ்டாப்பே கிடையாது," என்றார். "ஸ்டாப்பு அடுத்த முனையில. உனக்காகத்தான் நிறுத்துவேன். ரெண்டு தடவை மெமோ வாங்கினேன்."

அவளுக்கு இது தெரியாது. அத்தனை சாயந்திரமும் ஸ்டாப்பில் நின்று பஸ் ஏறுவதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, அதெல்லாம் இருக்கட்டும், வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லுங்க என்றாள். அலுவலகத்தில் இப்போது அதுதான் விதி.

அவர் யோசித்தார். கியர் மாறுவது அவள் காதிலேயே கேட்டது.

"சரி," என்றார்.

கெடு முடிந்து எத்தனையோ வருஷம் கழித்து வந்த பதில் அது. கெடு தாண்டி வந்த ஒன்றை அஞ்சுமணி ஏற்றுக்கொண்டது அதுதான் முதல் தடவை.